வெறும் ஸ்பேஸ் மட்டும்

அந்தப் பையைச் சித்த நேரா வெச்சுக்கறீங்களாண்ணா. இல்லைங்க, எனக்கு இடைஞ்சல் ஒண்ணுமில்ல. கோணலா இருக்குது, அவ்வளவுதான். கம்பிய ஒட்டி வெச்சா அதும்பாட்டுக்கு நிக்கும். விடுங்க, நானே வெச்சர்றேன். இப்பப் பாருங்க, கண்ணுக்கு எப்படி இருக்குது.

எதுவரைக்குமுங்க? திருச்செங்கோடுங்களா. நான் ராசிபுரம். கோயமுத்தூர்ல ஏறும்போதே ஜன்னலோரம் வேணும்னேன், அந்தக் கண்டக்டர் காதுலயே வாங்கலை. பெருந்துறை வரைக்கும் இதே சீட்டுல ஒருத்தன் இருந்தான். நாலு வார்த்தை பேசினதும் தூங்கறாப்பல கண்ண மூடிக்கிட்டான். மூடின கண்ணு துடிக்குதுங்க, எனக்குத் தெரியாதா. பேசப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது.

உங்களுக்கு என்ன தொழிலுங்க? மோட்டாருக்குக் காயில் கட்டறதுங்களா. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். ஒரு சுத்து கூடக்குறையப் போனா மோட்டார் பொகைஞ்சு போயிருமில்லீங்க. எங்க ஆபீஸ்ல முப்பது இஞ்சினியர் இருக்கறாங்க, ஒருத்தனுக்கும் இது மண்டையில ஏறலை. காயில் கட்டற உங்களுக்கு ஏறுது பாருங்க.

என்ற பேரு நல்லசிவம். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டீம் லீட். பதினாறு வருசமா ஒரே கம்பெனி, எனக்குக் கீழ ஏழு பேரு. கோழிப்பண்ணை, தீவன மில்லு, ஹேச்சரி, இவிங்களுக்கு வேண்டிய புரோகிராம் எழுதிக் குடுக்கறோம். ஹேச்சரின்னா தெரியுமில்லீங்க, முட்டைய மிஷின்ல வெச்சுக் குஞ்சு பொரிக்கற எடம். ராசிபுரத்துல ஒரு ஹேச்சரிக்காரரைப் பாக்கத்தான் இன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கெளம்பி வர்றேன். இந்தக் கவர்ல ஒரு லெட்டர் இருக்குது. அதுல அவரு ஒரு கையெழுத்துப் போட்டாருன்னா நாளைக்கு அந்தப் பொண்ணு வேலைய விட்டுப் போயிருவா. போடலைன்னா நான் போகோணும். ரெண்டுல ஒண்ணு. எங்க முதலாளி டேவிட் சார் அப்படித்தான் சொல்லீட்டாரு.

எந்தப் பொண்ணா? சொல்றேனுங்க. அதுக்கு முன்னாடி இதப் பாருங்க.

இதுதான் புரோகிராம். பயப்படாதீங்க, பாம்பா என்ன, கடிக்காது. அறுநூத்திப் பதினாலு வரி, பதினாலு பக்கம். ஓரத்துல வரி நம்பர், அடியில பக்க நம்பர். பக்கத்தைத் தள்ளிப் புடிச்சுப் பாருங்க. எழுத்தப் படிக்காதீங்க, ஓரத்த மட்டும் பாருங்க. படி படியா எறங்குது, படி படியா ஏறுது. எங்கியாவது ஒரு வரி துருத்திக்கிட்டு நிக்குதுங்களா? நிக்காது. இதெல்லாம் என்ற கையால பண்ணினதுங்க.

நாங்க எழுதற மொழியில பிராக்கெட்டு கிராக்கெட்டு கெடையாது. வரிக்கு முன்னாடி விடற எடம்தான் எல்லாமே. வீடாட்ட நெனைச்சுக்கங்க. ஓரத்த ஒட்டி நிக்கற வரி வாசல்ல நிக்குது. நாலு ஸ்பேஸ் தள்ளி நின்னா ஆசாரத்துல, அதான் கூடத்துல, இருக்குது. எட்டுத் தள்ளி நின்னா ஆசாரத்துக்குள்ள இருக்கற ரூம்புல இருக்குது. ரூம்புல இருக்கறவனக் கூப்புடோணும்னா ரூம்புக் கதவத் தொறக்கோணும். கதவு தொறக்காட்டி அவன் வெளிய வரமாட்டான், நீங்க கத்துனாலும் வரமாட்டான். புரிஞ்சுதுங்களா? புரியும். புரியாட்டி அது எழுதினவன் தப்பு. மிஷின் படிக்கறதுக்கு ஆயிரம் இருக்குது, புரோகிராம மனுசன் படிக்கோணும். ரோட்டுல போறவன், பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கறவன் எடுத்துப் பாத்தாலும் வெளங்கோணும். பதினாறு வருசமா நான் சொல்றது இது ஒண்ணுதான். நல்லதச் சொன்னா நமக்கு ஆபீஸ்ல கொடுங்கோலன்னு பேரு வெக்கறானுங்க. வெச்சுக்கட்டும்.

போன ஜூன்ல வந்து சேந்தா அந்தச் சுகிர்தா. சாத்தூர்ப் பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் ஏத்தறாராம், தம்பி தங்கச்சி ரெண்டு பேரையும் இவ சம்பளத்துலதான் படிக்க வெக்கறாளாம். அதெல்லாம் என்கிட்ட எதுக்குங்க? நான் கேட்டது ஒண்ணுதான், நாலு ஸ்பேஸ். அவ வெக்கறது ரெண்டு. சமக்குறி போட்டா ரெண்டு பக்கமும் எடம் விடோணும், விடமாட்டா. எடம் விட வேண்டாத பக்கம் ஒரு முழு வரிய வெத்தா விடுவா. கேட்டா, "இங்க ஒரு யோசனை முடியுது சார், மூச்சு விட்டுட்டு அடுத்ததப் படிக்கலாம்ல"ங்கறா. புரோகிராமுக்கு எதுக்குங்க மூச்சு.

எங்க டீம்ல ஒரு வழக்கம் வெச்சிருக்கறேன். வெள்ளிக்கெழமை மத்தியானம் மீட்டிங்கு. யாராவது ஒருத்தரோட ஃபைலச் செவுத்துல பெரிசாப் போட்டு, எழுதினவங்களையே எந்திரிச்சு நிக்க வெச்சு, கையில ஒரு மரஸ்கேலக் குடுத்துருவேன். எண்ணோணும். முன்னாடி எத்தனை ஸ்பேஸ்னு சத்தமா எண்ணோணும். நாலு இருந்தா அடுத்த வரி. இல்லீன்னா ஏன் இல்லைன்னு சொல்லோணும். எல்லாப் பயலும் மொத வாரம் மொறைப்பான், மூணாவது வாரம் ஒழுங்காயிருவான். பொழுதினிக்கும் அந்தப் பொண்ணோட ஃபைலத்தான் போடறேன்னு சொன்னாங்க. அவதான தப்புப் பண்ணினா, அப்ப அவளோடதத்தான போடுவேன்.

ஒரு நாள் எண்ணிக்கிட்டே இருந்தா. ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. நாப்பது வரி. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. எனக்கும் பாவமாத்தானுங்க இருந்துது, ஆனா இரக்கப்பட்டா வேலை நடக்குமா? நான் சொன்னேன், "சுகிர்தா, ஒரு ஸ்பேஸ்ங்கறது ஒரு உயிரு. அத நீ எடம் மாத்தி வெச்சா எங்கியோ ஒரு உயிரு போகும். இத நோட்டுல எழுதி வெச்சுக்க"ன்னேன். எழுதிக்கிட்டா.

அடுத்த வாரம் எந்திரிச்சு நிக்கறா, கையில ஸ்கேல வாங்கலை. "சார், இதுக்குன்னு ஒரு டூல் இருக்கு. பட்டன அமுக்குனா எல்லாரு ஃபைலையும் ஒரே மாதிரி அடுக்கிக் குடுத்திரும். அர்த்தம் மாறாம அதுவே பாத்துக்கிடும். நாம இதுக்காகச் சண்டை போட வேண்டியதில்ல"ன்னா. டேவிட் சார் அன்னைக்குன்னு பாத்துப் பின்னாடி வந்து உக்காந்திருக்கறாரு. "நல்ல யோசனையா இருக்கே நல்லசிவம், போட்டுப் பாக்கலாமே"ங்கறாரு. பதினாறு வருசமா என்ற கண்ணு பண்ற வேலைய ஒரு பட்டன் பண்ணுமாமுங்க. நான் அந்த டூல ஒரு வாரம் ஓட்டிப் பாத்து, இதுல அது சரியில்ல, அதுல இது சரியில்லைன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்து ஒழிச்சுக் கட்டினேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனா சோறே எறங்கலைங்க. எங்க வீட்டுக்காரி என்னாச்சுன்னு கூடக் கேக்கலை. அஞ்சறைப் பெட்டிய நான் அடுக்கி வெச்சதுல இருந்து அவ என்கிட்ட அவ்வளவா பேசறதில்ல, அது வேற கதை.

இதுக்கு நடுவுலதான் ராசிபுரம் ஹேச்சரி வேலை வந்துது. முத்துக்குமாரசாமின்னு ஒருத்தரு, மூணு தலைமொறையா கோழித் தொழில். முட்டை வெக்கற மிஷின் ஒவ்வொண்ணுலயும் சூடு எத்தனைன்னு பாத்துக்கிட்டே இருக்கோணும், அளவு மீறினா ஹீட்டர நிறுத்தீட்டு ஆளுங்களுக்கு போன் அடிக்கோணும். அதுதான் புரோகிராம். நான் வேற வேலையில இருந்தேன்னு டேவிட் சார் அத அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டாரு. எழுதி முடிச்சா. ஓடுச்சு. ஓடுச்சுங்க, இல்லைன்னு நான் சொல்லலை. மூணு மாசம் ஓடுச்சு. ஒரு தடவை சூடு ஏறிப் போன் அடிச்சு, ஓடிப்போயிக் காப்பாத்தியும் இருக்கறாங்க. அந்த மனுசன் ஆபீசுக்கே வந்து, டேவிட் சார் ரூம்புல உக்காந்துக்கிட்டு, "அந்தச் சாத்தூர்ப் புள்ளையக் கூப்புடுங்க, கண்ணுல பாக்கோணும்"ங்கறாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன். டீம் லீட் நான் நிக்கறேன். என்கிட்ட ஒரு டீத்தண்ணி கெடைக்குமான்னு கேட்டாரு, அதோட சரி.

அன்னைக்குத்தான் அந்த ஃபைல நான் மொத மொதத் தொறந்து பாத்தேன். பூரா ரெண்டு ஸ்பேஸ். அங்கங்க வெத்து வரி. இன்னொண்ணும் சொல்றேன். எங்ககிட்ட ஒரு வசதி இருக்குது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அதக் கடைசியாத் தொட்டது யாருன்னு பேரு காட்டும். தப்பு வந்துச்சுன்னா யாரு பண்ணினதுன்னு பாக்கறதுக்கு. நான்தான் அத நெம்ப உபயோகம் பண்ணுவேன். அதப் போட்டுப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் சுகிர்தா, சுகிர்தா, சுகிர்தா. அறுநூத்திச் சொச்சம் சுகிர்தா. கண்ணுல மொளகாப்பொடி போட்டாப்பல இருந்துதுங்க, பொய் சொல்லக் கூடாது.

சனிக்கெழமை ஆபீஸ் லீவு. நான் மட்டும் போயி உக்காந்தேன். மொத வரியில இருந்து கையாலயே சரி பண்ணினேன். ரெண்ட நாலாக்கி, நால எட்டாக்கி, வெத்து வரியெல்லாம் எடுத்து, ஒரே சாடையில இருக்கற வரிங்கள ஒரே நேருல கொண்டாந்து நிறுத்தி. எடையில ஒரு பன்னு, ஒரு டீ, அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு முடிஞ்சுது. மாத்தம் எதுவானாலும் கூட ஒரு குறிப்பு எழுதோணும். "வெறும் ஸ்பேஸ் மட்டும்"னு எழுதினேன். அந்தக் குறிப்பு இருந்தா ரெண்டாவது ஆளு பாத்து ஒப்புதல் குடுக்க வேண்டியதில்லைன்னு ரூலு. அந்த ரூலப் போட்டதும் நான்தான், ஒவ்வொரு தடவையும் இந்தப் பொடிசுங்ககிட்ட என்ற வேலையக் காட்டி ஒப்புதல் வாங்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? அப்பறம் அந்தப் பேரு காட்டற வசதியப் போட்டேன். மேல இருந்து கீழ வரைக்கும் நல்லசிவம். சித்த நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேனுங்க.

திங்கக்கெழமை வந்து பாத்துட்டு அவ என்ற சீட்டுக்கிட்ட நிக்கறா. சண்டைக்கு வருவான்னு பாத்தா அதும் வரலை. "சார், அழகாத்தான் இருக்கு. ஆனா ஒருக்க டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புவமா"ங்கறா. ஸ்பேஸ மாத்தினதுக்கு டெஸ்டாமுங்க. "ஏம்மா, துணிய மடிச்சு வெச்சா மறுக்கா ஒருவாட்டி தொவைக்கோணுமா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ போயி அவ சீட்டுல உக்காந்துட்டா. வியாழக்கெழமை அது ராசிபுரத்துக்குப் போயிருச்சு.

அடுத்த ஞாயிறு. முத்துக்குமாரசாமி பேரனுக்குக் காதுகுத்து, கெடா விருந்து. ஹேச்சரியில இருந்து கூப்புடு தூரத்துல மண்டபம். வேலையாளுங்க எல்லாரும் பந்தியில உக்காந்துட்டாங்க. ஒருத்தனக் காவலுக்கு விட்டிருக்குது, அவனும் போன் வந்தா ஓடிக்கலாம்னு எலையில உக்காந்துட்டான். எல்லாப் பயலோட பாக்கெட்டுலயும் போன் இருக்குது. ஒண்ணு கூட அடிக்கலை. அன்னைக்குக் கரண்டு கூட ஒரு நிமிசம் போகலைங்க. மத்த நாள்ல நாலு வாட்டி போகும், அன்னைக்குப் பாத்து கல்லாட்ட நிக்குது. ஒரு மிஷின்ல காத்துப் போற கதவு சிக்கிக்கிச்சு. ஹீட்டர நிறுத்தினாலும் உள்ள இருக்கற சூடு போறதுக்கு வழியில்ல, முட்டைங்க அதுங்களா சூடு விட்டுக்கிட்டே இருக்குமாமா. வந்து கதவத் தொறந்து விடறதுக்கு ஆளு வேணும், ஆளு வரலை. பத்தொம்பதாயிரத்தி எரநூறு முட்டை. பதினெட்டாவது நாளு. இன்னும் மூணே நாள்ல பொரிச்சிருக்கும்.

மறுநாளு டேவிட் சார் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. முத்துக்குமாரசாமி நேரா மிஷினுகிட்டப் போனாரு. ஒரு முட்டைய எடுத்து, மேசை ஓரத்துல தட்டி ஒடைச்சு, என்ற கையில வெச்சாரு. முடி மொளைச்சிருந்துதுங்க. அலகு இருந்துது. நகம் இருந்துது. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியலை. பக்கத்துல தட்டுங்கள அடுக்கி வெச்சிருந்தாங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒழுங்கில்லாம. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒருத்தனுக்காவது நேரா அடுக்கத் தெரியுதா அங்க.

அப்பறம் விசாரணை. சார் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சாரு. அவ சொல்றா, "மூணு மாசம் ஓடுச்சு சார். நல்லசிவம் சார் ஃபைல மாத்தின பொறவுதான் போன் அடிக்கலை"ன்னு. நான் கொஞ்சங்கூட கோவப்படலைங்க. மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். பழைய ஃபைலையும் புது ஃபைலையும் ஒண்ணா வெச்சு, என்ன மாறியிருக்குதுன்னு காட்டற டூலப் போட்டுக் காட்டினேன். "மாற்றம் ஏதும் இல்லை"ன்னு வந்துது. ஸ்பேஸும் வெத்து வரியும் மாறினா அதெல்லாம் கணக்குல எடுக்க வேண்டாம்னு அந்த டூல ஆபீஸ் பூராத்துக்கும் அப்படி செட் பண்ணி வெச்சிருக்கறேன், நான் பண்ணினதுதான். இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் பக்கம் பக்கமா வருமுங்க, யாரு பாக்கறது. டேவிட் சார் புரோகிராமத் தொட்டுப் பத்து வருசமாச்சு, அவரு ஸ்கிரீனப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, சரின்னுட்டாரு. எழுதினது அவ, நான் துணிய மடிச்சு வெச்சேன். இதுல எனக்கென்ன பங்கு?

அவள வீட்டுல இருக்கச் சொல்லியாச்சு. ஃபைலத் தொறக்க முடியாதபடி அவ பாஸ்வேர்டையும் நிறுத்தியாச்சு, அது வழக்கம்தான். போகும்போது என்ற சீட்டுக்கிட்ட வந்து நின்னு என்ன சொல்லீட்டுப் போறான்றீங்க? "சார், ஒரு ஸ்பேஸ் ஒரு உயிருன்னு நீங்கதான சொன்னீங்க"ங்கறா. எத்தனை திமிரு பாருங்க. ஸ்பேஸ்னா என்னங்க, வெத்து எடம். மை கூட இல்லாத எடம். அது போயி ஒரு குஞ்சக் கொல்லுமுங்களா?

ஆனா டேவிட் சாருக்கு ஒரு தயக்கம். எழுத்துல ஒண்ணு வேணுங்கறாரு. "புரோகிராம்ல வந்த கோளாறு சுகிர்தா எழுதின பகுதியில. நல்லசிவம் வடிவத்த மட்டும்தான் சரி பண்ணினாரு, அவரு மேல எங்களுக்குக் குறையில்ல." அதுதான் இந்த லெட்டரு. முத்துக்குமாரசாமி கையெழுத்துப் போட்டாருன்னா நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவ கணக்கு முடிஞ்சுது. அவரு கேட்டாக் காட்டறதுக்குத்தான் புரோகிராமையும் பூரா பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கறேன். மனுசன் லேசுல கையெழுத்துப் போடமாட்டாரு. ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பாப்பாரு, மூணு தலைமொறைப் பழக்கம். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். எத்தனை அழகா இருக்குதுன்னு அவருக்கும் தெரியட்டும்.

நீங்க பாக்கறீங்களா? இந்தாங்க, ஒம்பதாம் பக்கம். சூடு ஏறினா என்ன பண்ணோணுங்கற எடம் இதுதான். இங்கிலீசு எழுத்துக் கூட்டுவீங்கல்ல, போதும். நான் சொல்றேன், நீங்க வெரல வெச்சுக்கிட்டே வாங்க. மொத வரி, சூடு அளவு மீறிப் போச்சான்னு கேக்குது. அது வாசல். மீறிப் போச்சுன்னா உள்ள வாங்க, நாலு ஸ்பேஸ். ஹீட்டர நிறுத்து. பதிவு பண்ணு. கரண்டு போயிருச்சான்னு பாரு. கரண்டு போயிருந்தா இன்னும் உள்ள வாங்க, எட்டு ஸ்பேஸ். ஜெனரேட்டரப் போடு. போன் அடி. முடிஞ்சுது. எத்தனை சுலுவாப் புரிஞ்சுது பாத்தீங்களா? படிக்காதவனுக்கும் புரியும்.

என்னங்க?

இல்லைங்க. சூடு ஏறினா அடிக்கும். கரண்டு போனாலும் அடிக்கும், போகாட்டியும் அடிக்கும். சூடுதான் கணக்கு.

போன் வரி எந்த ரூம்புக்குள்ள நிக்குதுங்கறீங்க?

இருங்க. வெரல எடுங்க, நான் பாக்கறேன். நானூத்தி ஒண்ணு, ஜெனரேட்டர். நானூத்தி ரெண்டு, போன். ரெண்டும் ஒரே சாடையில இருக்கற வரிங்கண்ணா. ரெண்டும் அதே வார்த்தையிலதான் ஆரம்பிக்குது, நீளங்கூட ஒண்ணுதான். அவ என்ன பண்ணியிருந்தான்னா, ஜெனரேட்டர் வரிய உள்ள விட்டு, நடுவுல ஒரு வெத்து வரி விட்டு, போன் வரியத் தனியா வெளிய நிறுத்தியிருந்தா. மூச்சு விடறாளாம். பாக்கறதுக்கு நெம்ப அசிங்கமா இருந்துது. நான் அந்த வெத்து வரிய எடுத்துட்டு, ரெண்டையும் ஒரே நேருல.

ரெண்டையும் ஒரே நேருல நிறுத்தினேன்.

நாலே நாலு ஸ்பேஸுங்க.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்க காயில் கட்டறவரு, உங்களுக்கு என்னத்தத் தெரியும். பதினாறு வருசம் பாக்காதத நீங்க ஒரு நிமிசத்துல பாத்துட்டீங்களாக்கும். இத்தனை நேரம் ஊமையாட்ட வந்துட்டு இப்ப வாயத் தொறக்கறீங்க. உங்ககிட்ட யாரு கேட்டா. அன்னைக்குக் கரண்டாச்சும் போயிருக்கலாம். தெனமும் போற கரண்டு. அந்த நாசமாப் போனவனுங்க அன்னைக்குன்னு பாத்து ஒரு நிமிசம் நிறுத்தியிருந்தா போன் அடிச்சிருக்கும், ஆளு ஓடியிருக்கும், அந்தக் குஞ்சுங்க.

சங்ககிரி ரோடு தாண்டீட்டமா? உங்க ஸ்டாப் வரப்போகுது, பையை எடுத்துக்கங்க.

சரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. லெட்டருக்குத்தான் கையெழுத்து வேணும். புரோகிராமப் பூராவும் காட்டோணும்னு சட்டமா இருக்குது? அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டா முடிஞ்சுது. உங்க கையிலயே இருக்கட்டும், நீங்களே கொண்டு போயிருங்க, உங்க கடையில எண்ணெய் தொடைக்கறதுக்கு ஆகும். உங்களுக்கே புரியுதுன்னா அந்த மனுசனுக்கும் புரியுமுங்களே. படிச்சா யாருக்கும் புரியறாப்பலதான பண்ணி வெச்சிருக்கறேன். பட்டனுக்குப் புரியாதுன்னு சொன்னேன், பாருங்க, பஸ்ல வர்றவருக்குப் புரிஞ்சுருச்சு. ஒம்பதாம் பக்கம் இல்லை, அவ்வளவுதான். அவ வேற எடத்துல வேலை தேடிக்குவா. சின்ன வயசு. சாத்தூர்ல கம்பெனி இல்லாமயா இருக்கும்.

எட்டாம் பக்கம். முன்னூத்தி அறுவத்தெட்டோட முடியுது. அடுத்தது பத்தாம் பக்கம், நானூத்திப் பதினஞ்சு.

முன்னூத்தி அறுவத்தெட்டு. நானூத்திப் பதினஞ்சு.

இது என்னங்க இது. நடுவுல பல்லு விழுந்தாப்பல. இப்படி ஒண்ண ஒருத்தர் கையில குடுக்க முடியுமுங்களா? என்ற பொண்ணு நோட்டுல ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாலே முழு நோட்டையும் மறுக்கா எழுத வெக்கறவன் நான். நம்பரத் திருத்திக்கலாமுங்க, ஆனா வரியும் விட்டுப் போகுது, அதுக்கு என்ன பண்றது. கண்ண மூடிக்கிட்டுக் குடுத்தறலாம்னு பாத்தா கை வரமாட்டேங்குது. எட்டு, பத்து. சேச்சே.

வந்துருச்சுங்க உங்க ஊரு. எறங்குங்க, எறங்குங்க, கண்டக்டர் விசில் அடிச்சுருவான். அந்தப் பக்கத்தக் குடுத்துட்டுப் போங்க. நான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன், சரி, இப்பக் குடுங்கங்கறேன். மடிக்காதீங்க. ஓரத்தப் புடிச்சுக் குடுங்க. அவரு பாத்தாப் பாத்துட்டுப் போறாரு, அது எங்க பாடு. எட்டுக்கு அப்பறம் ஒம்பதுதானுங்க வரோணும்.